சோறு குழைவதும் உதிர்வதும்: அரிசியின் மரபணுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. உலையில் போட்ட பிறகு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதும் விதையோடு வரும் குணம்தான். அதை அளக்கலாம், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் செய்யலாம். விளைச்சலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது இதற்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அரிசி வாங்குகிறவர்களும் பயிரிடுகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு அந்த எண்ணத்தோடுதான் பதில் சொல்கிறேன்.

ஒரே பானை, ஒரே அளவு தண்ணீர். ஒரு அரிசி குழைகிறது, இன்னொன்று பொலபொலவென்று வருகிறது. ஏன்?

தீட்டிய அரிசியில் ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்கு வரை மாவுச்சத்துதான். அந்த மாவுச்சத்து இரண்டு வகை மூலக்கூறுகளால் ஆனது. அமைலோஸ் என்பது கிட்டத்தட்டக் கிளையே இல்லாத நீண்ட இழை. அமைலோபெக்டின் மரம் போலக் கிளை கிளையாகப் பிரிந்தது. இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதுதான் சோற்றின் பாதி ஜாதகம்.

அமைலோஸ் அதிகமுள்ள அரிசி நிறையத் தண்ணீர் குடித்து நன்றாக உப்பும். பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனால் ஆறியதும் அந்த நீண்ட இழைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து இறுகிக்கொள்ளும். காலையில் வடித்த சோறு மதியத்துக்குள் விறைத்துப்போவது இதனால்தான். அமைலோஸ் குறைந்த அரிசியின் சோறு பளபளப்பாக, மென்மையாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும். ஆறினாலும் அவ்வளவு கெட்டிப்படாது.

ஆய்வுக்கூடங்களில் இதை வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அமைலோஸ் 2 சதவீதத்துக்குள் இருந்தால் ஒட்டரிசி. 10 முதல் 20 வரை குறைந்த வகை. ஜப்பானிய அரிசியும் தாய்லாந்தின் மல்லிகை அரிசியும் இதில் வரும். 20 முதல் 25 வரை நடுத்தரம், பாஸ்மதியும் ஐ.ஆர். 64 ரகமும் இங்கே. 25ஐத் தாண்டினால் அதிக வகை, ஐ.ஆர். 8 இதில் சேரும், இட்லிக்குப் போகும் குண்டு ரகங்களும் பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த விகிதத்தை எந்த மரபணு தீர்மானிக்கிறது?

ஆறாவது குரோமோசோமில் (மரபணுக்கள் வரிசையாக அமைந்திருக்கும் டி.என்.ஏ. இழைகளில் ஒன்று) இருக்கும் வேக்ஸி என்ற மரபணு. நெல்மணிக்குள் அமைலோஸ் இழையை நூற்கும் நொதியை உண்டாக்குவது இதன் வேலை. நொதி நிறைய இருந்தால் அமைலோஸ் நிறைய, குறைந்தால் குறைவு, நொதியே இல்லையென்றால் அமைலோஸும் ஏறக்குறைய இல்லை.

இந்த ஒரே மரபணுவுக்குப் பல வடிவங்கள் உண்டு. ஆசிய நெல்லில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு: இண்டிகா, ஜப்பானிகா. நம் பக்கத்து இண்டிகா ரகங்களில் பெரும்பாலும் முழு வேகத்தில் வேலை செய்யும் வடிவம் இருக்கிறது. மரபணு என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்ட குறிப்பு. ஜப்பானிகா ரகங்களில் அதே மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது: ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி. அந்த எழுத்து இருக்கும் இடம் முக்கியமானது. மரபணுவிலிருந்து நகலெடுக்கும்போது வேண்டாத துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்ட வேண்டும். முதல் துண்டை எங்கே வெட்டுவது என்று காட்டும் அடையாளத்திலேயே இந்த மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. அதனால் பாதிக்கு மேல் நகல்கள் தவறாக வெட்டுப்பட்டு வீணாகின்றன, நொதி குறைகிறது, அமைலோஸ் 15, 18 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் சாப்ஸ்டிக்கில் அள்ளிச் சாப்பிடும் சோற்றின் ஒட்டும் தன்மைக்கு இந்த ஒற்றை எழுத்துதான் முக்கியக் காரணம்.

இடைப்பட்ட வடிவங்களும் இருக்கின்றன. மரபணுவின் ஆறாவது பகுதியில் ஓர் எழுத்து மாறி நடுத்தர அமைலோஸ் கொடுக்கும் வடிவம் ஒன்று. கோஷிஹிகாரி என்ற புகழ்பெற்ற ஜப்பானிய ரகத்தை வேதிப்பொருளால் மரபணு மாற்றத்தைத் தூண்டி உருவாக்கிய மில்க்கி குயின் ரகத்தில், அமைலோஸ் தாய் ரகத்தைவிட இன்னும் கீழே இறங்கியிருக்கிறது.

ஒட்டரிசி எப்படி உருவாகிறது?

வேக்ஸி மரபணு முற்றிலும் செயலிழந்தால் ஒட்டரிசி. பெரும்பாலான ஒட்டரிசி ரகங்களில், அந்த மரபணுவின் இரண்டாம் பகுதியில் 23 எழுத்துகள் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் வாசிப்பு தடம் புரண்டு நொதி பாதியிலேயே நின்றுபோகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. சாதாரண அரிசி மாவில் ஒரு சொட்டு அயோடின் கரைசலை விட்டால் கருநீலமாகும். ஒட்டரிசி மாவு செம்பழுப்பாகும். அயோடின் போய் ஒட்டிக்கொள்ள நீண்ட அமைலோஸ் இழை அதில் இல்லை. எனக்கு இதைவிட அழகாகத் தோன்றும் காட்சி மகரந்தத்தில் நடப்பது. மகரந்தத் துகளுக்குள்ளும் இதே மரபணு மாவுச்சத்தைச் செய்கிறது. ஒட்டரிசிச் செடியையும் சாதாரணச் செடியையும் ஒட்டுச் சேர்த்து (ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் சேர்த்து), பிறந்த செடியின் பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்து அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். ஒரே பூவிலிருந்து வந்த துகள்களில் பாதி நீலமாகவும் பாதி சிவப்பாகவும் கலந்து கிடக்கும். மரபியலின் முன்னோடி மெண்டல் கணக்கு போட்டுச் சொன்னது அங்கே கண்முன்னே சிதறிக் கிடக்கிறது.

தாய்லாந்தின் ஆர்.டி. 6 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காவ் டாக் மாலி 105 என்ற மல்லிகை அரிசியைக் காமா கதிருக்கு உட்படுத்திப் பெற்ற ஒட்டரிசி அது. 1977இல் வெளியிடப்பட்டது. தாய் ரகத்தின் வாசனை அப்படியே இருக்க, அமைலோஸ் மட்டும் போய்விட்டது. ஒட்டரிசியையே அன்றாட உணவாகச் சாப்பிடும் வடகிழக்குத் தாய்லாந்து மக்கள் அதை வயலில் நிரப்பிவிட்டார்கள். சமையல் குணத்தில் ஒரே ஒரு மரபணு மாறினால் ஓர் அரிசி வேறொரு சமையலறைக்குக் குடிபெயரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சில அரிசி சீக்கிரம் வேகிறது, சில அரிசிக்கு ஒரு சிலிண்டரே போய்விடும் போலிருக்கிறது. இதுவும் மரபணுவா?

ஆமாம். இதற்குப் பொறுப்பானது ஆல்க் என்ற இன்னொரு மரபணு. அமைலோபெக்டினின் கிளைகளை நீட்டும் நொதியை இது உண்டாக்குகிறது. கிளைகள் நீளமாக இருந்தால் அவை நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும்; அந்த அடுக்கைக் குலைக்க அதிக வெப்பம் வேண்டும். குட்டையாக இருந்தால் சீக்கிரம் குலையும். மாவுச்சத்து கட்டவிழும் இந்த வெப்பநிலை குறைந்த வகையில் 55 முதல் 69 டிகிரி வரை, நடுத்தரத்தில் 70 முதல் 74 வரை, அதிக வகையில் அதற்கும் மேல்.

நெல் ஆய்வுக்கூடங்களில் இதைக் கண்டுபிடிக்கும் முறை மிக எளிமையானது. அடுப்பு கூட வேண்டாம். ஆறு அரிசி மணிகளைச் சிறிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, 1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றி, 30 டிகிரியில் 23 மணி நேரம் அசைக்காமல் விடுவார்கள். மறுநாள் பார்த்தால் ஒரு ரகம் வைத்தது வைத்தபடி இருக்கும். இன்னொன்று வீங்கி, விளிம்பு முழுக்கப் பஞ்சு போன்ற வளையம் கட்டியிருக்கும். மூன்றாவது ரகம் முழுதாகக் கரைந்து தெளிந்த கறையாகியிருக்கும். கரைந்தது சீக்கிரம் வேகும் அரிசி. அசையாதது நேரம் எடுக்கும் அரிசி. 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு, ஒரே நாளில் புது ரகத்துக்காக வளர்க்கும் நூற்றுக்கணக்கான நெல் வரிசைகளைச் சலித்துவிடலாம். 1958இல் வந்த முறை இது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆல்க்கும் வேக்ஸியும் ஒரே ஆறாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வட்டாரத்தில் இருக்கின்றன. அதனால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டுமென்றால் நிறையச் செடிகளை வளர்த்துப் பொறுமையாகத் தேட வேண்டும்.

இரண்டு ரகத்திலும் அமைலோஸ் ஒரே அளவு என்கிறார்கள். ஆனால் ஒன்று ஆறினால் கல்லாகிறது, மற்றது மென்மையாகவே இருக்கிறதே?

இது ரொம்ப நியாயமான கேள்வி. அமைலோஸ் எண்ணை மட்டும் நம்பினால் இங்கேதான் தடுக்கும். அதிக அமைலோஸ் ரகங்களுக்குள்ளேயே மென்மையானதும் கடினமானதும் உண்டு. பிரித்தறிய, அரிசி மாவைக் காரக் கரைசலில் காய்ச்சிக் கூழாக்கி, குளிரவைத்து, குழாயைப் படுக்கவைத்துக் கூழ் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளப்பார்கள். 40 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் கடினம். 60ஐத் தாண்டி ஓடினால் மென்மை. இந்த வேறுபாட்டுக்கும் காரணம் வேக்ஸிதான்: அதன் பத்தாவது பகுதியில் ஓர் எழுத்து மாற்றம்.

ஐ.ஆர். 8 அரிசியை ஏன் மக்கள் விரும்பவில்லை?

1966இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட குட்டை ரகம் அது. இந்தோனேசியாவின் பேட்டா ரகத்தையும் தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை ரகத்தையும் சேர்த்து எடுத்தது. பஞ்சத்தின் விளிம்பில் நின்ற நாடுகளுக்கு அது கொடுத்த விளைச்சலை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மணி தடிமனாக இருந்தது. நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு. ஆலையில் போட்டால் நொய்யாக உடைந்தது. அமைலோஸ் அதிகம் என்பதால் சோறு ஆறியதும் விறைத்தது. நம் ஊர்களிலும் ஐ.ஆர். எட்டு என்றால் மோட்டா அரிசி என்ற பெயர்தான் நிலைத்தது.

அந்த நிறுவனம் பாடம் கற்றுக்கொண்டது. குர்தேவ் குஷ் தலைமையில் உருவான ஐ.ஆர். 64 பிலிப்பைன்ஸில் 1985இல் வெளிவந்தது. நடுத்தர அமைலோஸ், சன்னமான நீண்ட மணி, ஆறினாலும் மென்மை, கூடவே நோய் எதிர்ப்பு. ஆசியா முழுக்க கோடிக்கணக்கான மக்களின் தட்டுக்கு அது போய்ச் சேர்ந்ததில் விளைச்சலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு சுவைக்கும் உண்டு. சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்து ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுப்பது ஆடம்பரம் என்று இன்னமும் சிலர் பேசுகிறார்கள். ஐ.ஆர். 8ஐயும் ஐ.ஆர். 64ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

பொன்னி ஏன் இவ்வளவு பிடித்துப்போனது? அது நம் ஊர் ரகம்தானா?

வளர்ந்தது இங்கே, வேர் வேறிடம். 1950களில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் இந்தியாவும் சேர்ந்து, ஒடிசாவின் கட்டாக்கை மையமாக வைத்து, இண்டிகா நெல்லையும் ஜப்பானிகா நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் பெரிய முயற்சியைத் தொடங்கின. அதில் தைவானின் ஜப்பானிகா ரகமான தைச்சுங் 65ஐயும் மலேயாவின் மயாங் எபோஸ் 80ஐயும் சேர்த்ததில் மலேசியாவில் பிறந்தது மசூரி. அதிலிருந்து வந்ததுதான் நம் பொன்னி. 1986இல் வெள்ளைப் பொன்னி தமிழ்நாட்டில் வெளியிடப்பட்டது. செடி உயரம், காற்றடித்தால் சாயும், விளைச்சலும் புதிய ரகங்களைவிடக் குறைவு. இருந்தும் விவசாயிகள் விடவில்லை. சந்தையில் கூடுதல் விலை கிடைத்தது, வீட்டில் சோறு நன்றாக இருந்தது.

மசூரியின் குடும்பம் அத்தோடு நிற்கவில்லை. ஆந்திராவின் பாபட்லாவில் உருவான சம்பா மசூரிக்கும், அதாவது பி.பி.டி. 5204க்கும், மசூரிதான் ஒரு பெற்றோர். நம் விவசாயிகள் ஆந்திரா பொன்னி என்று சொல்வது இதைத்தான். அதன் இன்னொரு பக்க மூதாதை ஜி.இ.பி. 24, கோயம்புத்தூரில் 1921இல் வெளியான கிச்சிலி சம்பா. கோனாமணி என்ற நாட்டு ரகத்தில் தானாக உண்டான மாற்றத்தைக் கவனித்து எடுத்தது அது. கிழக்கிந்தியாவில் ஏராளமாக விளையும் சுவர்ணாவும் மசூரியின் பிள்ளை. தமிழ்நாட்டின் ஆடுதுறை 43 என்ற சன்ன ரகத்தில் ஐ.ஆர். 50ஓடு மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி சேர்ந்திருக்கிறது. தென்னிந்தியா நல்ல சோறு என்று இன்று எதைச் சொல்கிறதோ, அதில் பெரும் பங்கு இந்த ஒரே கொடிவழியில் வந்தது.

அரிசியின் வாசனைக்கு என்ன காரணம்?

2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து அடையாளம் கண்டார்கள். பாஸ்மதியிலும் மல்லிகை அரிசியிலும் முதன்மையான மணம் இதுதான். பொரித்த சோளத்திலும் இது உண்டு. இலங்கைத் தமிழர் சமையலில் சோற்றுக்கும் கறிக்கும் போடும் ரம்பை இலையின் மணமும் இதே பொருள்தான். வாசனை இல்லாத அரிசியில் ரம்பை போட்டால் வாசனை அரிசியின் சாயல் வருவது தற்செயல் இல்லை.

எட்டாவது குரோமோசோமில் இருக்கும் பாட்2 என்ற மரபணு இங்கே சம்பந்தப்பட்டது. சாதாரண நெல்லில் அது நல்லபடி வேலை செய்து, வாசனைக்கு மூலப்பொருளாகக்கூடியதை வேறொன்றாக மாற்றித் தீர்த்துவிடுகிறது. வாசனை நெல்லில் அந்த மரபணுவின் ஏழாம் பகுதியில் எட்டு எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. மரபணு செயலிழக்க, மூலப்பொருள் தேங்கி வாசனையாகிறது. 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். பாஸ்மதி, மல்லிகை இரண்டிலும் அதே எட்டு எழுத்துகள்தான் இல்லை.

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் செயலிழந்த வடிவமே வந்தால்தான் வாசனை வரும். ஒன்று நல்ல வடிவமாக இருந்தால் போதும், மணம் அடங்கிவிடும். வாசனை நெல் பயிரிடுகிறவர்கள் விதைக் கலப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இதனால்தான். அப்புறம், மணி முற்றும் காலத்தில் இரவுகள் குளிர்ச்சியாக இருந்தால் மணம் தூக்கலாக வரும். வெயில் அதிகமானால் குறையும். சேமிப்பிலும் மெல்ல மெல்லப் பறந்துபோகும்.

பாஸ்மதி சமைத்தால் மட்டும் ஏன் அவ்வளவு நீளுகிறது?

பச்சை அரிசியின் நீளத்துக்கு முக்கியமானது மூன்றாம் குரோமோசோமில் உள்ள ஜி.எஸ். 3. நீளத்துக்குக் கடிவாளம் போடும் மரபணு அது. நீண்ட ரகங்களில் அந்தக் கடிவாளம் அறுந்திருக்கிறது. சமைக்கும்போது பக்கவாட்டில் பருக்காமல் நீளவாக்கில் மட்டும் விரியும் குணம் வேறு. அதில் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. டெல்லி பூசா நிறுவனத்தின் பூசா பாஸ்மதி 1121, 8 மில்லிமீட்டர் அரிசியாகப் பானைக்குள் போய் 20 மில்லிமீட்டரை ஒட்டிய பருக்கையாக வெளியே வரும்.

வீரிய ஒட்டு நெல்லின் சோறு ஒரே சீராக இருப்பதில்லையே?

இந்தக் கேள்விக்கு விடை மிக அழகானது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வீரிய ஒட்டு நெல் என்பது இரண்டு வேறு வரிசைகளை ஒட்டுச் சேர்த்துப் பெறும் விதை. விவசாயி வாங்குவது அதன் முதல் தலைமுறை விதை. அதிலிருந்து வளரும் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் அந்தச் செடியின் கதிரில் விளையும் மணி அடுத்த தலைமுறை. பெற்றோர் இருவரின் குணங்களும் அந்த மணிகளில் பிரிந்து விழுகின்றன. நாம் சாப்பிடும் மாவுப்பகுதிக்குள் மரபணுவின் மூன்று பிரதிகள் இருக்கும்: தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு பெற்றோர் அதிக அமைலோஸ், மற்றது குறைவு என்று வைத்துக்கொண்டால், ஒரே கதிரில் மூன்று பிரதியும் வலுவான மணி, இரண்டு, ஒன்று, ஒன்றுகூட இல்லாத மணி என்று நான்கு விதம் கலந்திருக்கும். உமி தாய்ச்செடியுடையது என்பதால் வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். உள்ளே நான்கு விதம். உலையில் போட்டால் சில பருக்கை குழையும்போது சில பருக்கை இன்னும் விறைப்பாக இருக்கும்.

1990களில் இந்தியாவில் வந்த தொடக்ககால ஒட்டு ரகங்கள் பலவற்றுக்கு ஐ.ஆர். 58025ஏ என்ற வரிசைதான் தாய். அதற்கு லேசான வாசனையும் ஒட்டும் தன்மையும் உண்டு. வடக்கே அது குறையாகத் தெரியவில்லை. தென்னிந்தியாவில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் உதிரியான சோறு கேட்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. வாசனைக் கணக்கைப் போட்டால், மறு பெற்றோர் வாசனையில்லாததாக இருக்கும்போது நான்கில் ஒரு மணிக்கு மட்டும் மணம் வரும். அரைகுறை மணம் யாருக்கும் வேண்டாம். பெற்றோர் இருவரையும் வேக்ஸியிலும் பாட்2விலும் ஒரே வடிவம் உள்ளவர்களாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. மரபணுச் சோதனை வந்த பிறகு அது எளிதாகிவிட்டது. ஒட்டு நெல் உருவாக்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலையே இதுதான் என்பேன்.

அதே ரகம், அதே வயல். போன வருஷம் நன்றாக இருந்தது, இந்த வருஷம் இல்லை. ஏன்?

மணி பால் பிடித்து முற்றும் நாட்களின் வெப்பநிலைதான் பெரும்பாலும் காரணம். கதிர் வந்த பிறகு சராசரி வெப்பம் 26, 27 டிகிரியைத் தாண்டினால் ஜப்பானிய ரகங்களில் வெள்ளைத் திட்டு விழத் தொடங்குகிறது. மாவுச்சத்து நெருக்கமாக அடையாமல் இடையில் காற்று தங்குவதுதான் அந்த வெள்ளை. அரிசி ஆலையில் எளிதில் உடையும்.

ஜப்பானிகாவின் அந்த ஒற்றை எழுத்து வடிவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: குளிரில் நகல் ஓரளவு சரியாக வெட்டப்படும். ஆகவே அமைலோஸ் ஏறும். ஜப்பானின் வடகோடியான ஹொக்கைடோவில் விளைந்த அரிசி கெட்டியாக, சுவையற்றதாக நெடுங்காலம் கெட்ட பெயர் வாங்கியது இதனால்தான். அங்கே ஆய்வாளர்கள் விடாப்பிடியாக அமைலோஸைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1988இல் கிராரா 397 வந்து பெயரை மீட்டது. அதே கிராராவைத் திசு வளர்ப்பில் வளர்த்தபோது தோன்றிய ஒரு மாற்றத்திலிருந்து, ஒன்பதாம் குரோமோசோமில் அமைலோஸைச் சற்றே குறைக்கும் ஒரு குணம் கிடைத்தது. அது யுமேபிரிகா என்ற ரகத்தில் சேர்ந்தது. இன்று ஜப்பானில் விலை உயர்ந்த அரிசிகளில் அதுவும் ஒன்று.

புழுங்கல், பச்சரிசி, பழைய அரிசி, புது அரிசி வித்தியாசமும் மரபணுவா?

இல்லை. இது பக்குவம். புழுக்கும்போது உமிக்குள்ளேயே மாவுச்சத்து ஒருமுறை வெந்து மறுபடி இறுகுகிறது. அதனால் மணி உறுதியாகி, சோறு குழையாமல் வருகிறது. மாதக்கணக்கில் வைத்த அரிசியில் மாவுச்சத்து பெரிதாக மாறுவதில்லை. அதைச் சுற்றியுள்ள புரதமும் கொழுப்பும் மாறி மணியை இறுக்குகின்றன. புது அரிசி பொங்கலுக்கு, பழைய அரிசி வடித்த சோற்றுக்கு என்று நம் வீடுகளில் பிரித்து வைத்தது சரியான கணக்கு.

சர்க்கரை நோயாளிக்கு எந்த அரிசி?

அமைலோஸ் அதிகமுள்ள அரிசி பொதுவாக மெதுவாகச் செரிக்கும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வும் 2011இல் 235 ரகங்களைப் பார்த்ததில் கிளைசெமிக் குறியீடு (சாப்பிட்ட பின் இரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்று காட்டும் எண்) 48 முதல் 92 வரை இருந்தது, சராசரி 64. குறைந்த பக்கம் நின்றவற்றில் நம் சுவர்ணாவும் ஒன்று. வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் மறுபடியும் வேக்ஸிதான். ஆனால் குறியீடு குறைவு என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் பலனில்லை. அளவும், கூட எவ்வளவு காய், பருப்பு சேர்கிறது என்பதும் ரகத்தைவிடப் பெரிய விஷயம். மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

சிவப்பரிசி, கறுப்பரிசி என்றால் சமையல் குணமும் வேறாக இருக்குமா?

நிறம் தவிட்டுத் தோலில் இருக்கிறது. குழைவதும் உதிர்வதும் உள்ளே இருக்கும் மாவில். இரண்டுக்கும் தனித்தனி மரபணு. காட்டு நெல் சிவப்பு. ஏழாம் குரோமோசோமில் ஆர்சி என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டதால் பெரும்பாலான நெல் வெள்ளையானது. ஆகவே சிவப்பில் உதிரியும் உண்டு, குழைவதும் உண்டு. செட்டிநாட்டுக் கறுப்புக் கவுனி ஒட்டும் தன்மை உள்ளது என்பதால்தான் தேங்காயும் சர்க்கரையும் போட்டு இனிப்பாகச் செய்கிறார்கள். பாரம்பரிய ரகம் எல்லாமே ஒரே மாதிரி சமைக்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். எந்த ரகம் எதற்கு என்று விளைவித்தவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் தெரிந்ததால் விவசாயிக்கு என்ன லாபம்?

சம்பா மசூரியையே எடுத்துக்கொள்வோம். சோறு அருமை, பாக்டீரிய இலைக் கருகல் வந்தால் பயிர் போச்சு. ஹைதராபாத்தில் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒட்டுச் சேர்த்தல் வழியாகவே அதற்குள் கொண்டுவந்தன. ஒவ்வொரு தலைமுறையிலும் இலைத் துண்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்து, சம்பா மசூரியின் மணி குணம் கெடாத செடிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2008இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி வெளிவந்தது. நோய் தாங்கும், சோறு அதே சோறு.

மரபணுவின் எழுத்துகளைக் குறிப்பிட்ட இடத்தில் நேரடியாக மாற்றும் மரபணுத் திருத்தமும் வந்துவிட்டது. சீனாவில் வேக்ஸியின் முன்பகுதியில் சிறு சிறு மாற்றங்கள் செய்து, அமைலோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த புதிய வடிவங்களை உருவாக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு மரபணுத் திருத்த ரகங்களில் ஒன்றான கமலா, சம்பா மசூரியைத் திருத்தி விளைச்சலைக் கூட்டியது.

கடையில் அரிசி வாங்கும்போது இதில் எதைப் பயன்படுத்துவது?

மூட்டையின் மேல் இருப்பது பெரும்பாலும் வியாபாரப் பெயர். டீலக்ஸ், ராஜபோகம், ஸ்பெஷல் பொன்னி என்பவையெல்லாம் ரகத்தின் பெயர் இல்லை. மூன்றே கேள்வி கேளுங்கள்: உண்மையான ரகம் என்ன, எந்த அறுவடை, எத்தனை மாதம் வைத்தது. மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தண்ணீர் அளவை நீங்களே முடிவு செய்துவிடலாம். பதில் தெரியாத கடையில் முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்கி வடித்துப் பாருங்கள். சூட்டில் ஒரு வாய், மூடி வைத்து நான்கு மணி நேரம் கழித்து ஒரு வாய். இரண்டாவது வாயில்தான் அமைலோஸ் தன் குணத்தைக் காட்டும். பள்ளிக்கும் வேலைக்கும் டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுக்கிறவர்கள் அந்த இரண்டாவது வாயை வைத்தே அரிசியைத் தேர்ந்தெடுங்கள்.